பெட்டிக்கு ஆகாத இடம்

நிலம் அசைந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அசையவில்லை என்று சொன்னவர் தோட்டத்தை நடத்துகிற துரை ஒருவர்தான். அவர் அந்த நேரத்தில் காரில் வந்துகொண்டிருந்தார். எங்கள் தோட்டத்து ரோட்டில் காரில் வருகிறவருக்கு உலகமே குப்புறக் கவிழ்ந்தாலும் தெரியப்போவதில்லை. ரோட்டின் லட்சணம் அப்படி. ஆனால் கரும்பாறைத் தோட்டத்தில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று தீர்ப்புச் சொல்கிறவர் அவர். ஆகவே நடக்கவில்லை.

நடந்தது இதுதான். நோர்வூட் டவுனிலிருந்து மேலே ஏறினால் எங்கள் தோட்டம். நீங்கள் இந்த நாட்டுக்காரர் இல்லை என்று சொல்லி எங்கள் ஓட்டுரிமையைப் பிடுங்கி எட்டொன்பது வருடம் ஆகியிருந்த காலம். காலைப் பெரட்டில் வரிசையாக நின்று வேலை வாங்கிக்கொண்டு, ஆட்களெல்லாம் மலைக்குப் போய்விட்டோம். நான் மழைத்தண்ணி ஓடக் கான் வெட்டிக்கொண்டிருந்தேன். காற்றே இல்லை, தேயிலைச் செடிகள் மட்டும் ஆடின. காலுக்கு அடியில் யாரோ வண்டியை இழுத்துக்கொண்டு போவது போல ஓர் உறுமல். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு வாய்த் தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூட இல்லை, அடங்கிவிட்டது. நாய்கள் குரைக்க ஆரம்பித்தன. நாங்கள் எல்லோரும் லயத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தோம்.

நாங்கள் குடியிருந்த லயம் பாறைக்கு அடியில் இருந்தது. குடும்பத்துக்கு ஒன்றாக வரிசையாகக் காம்பராக்கள், எல்லாவற்றுக்கும் ஒரே பின்சுவர், ஒரே தகரக் கூரை. பின்னால் செங்குத்தான சரிவு. சரிவின் தலையில், தோட்டத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த அந்தக் கரும்பாறை, ஒரு கோயில் பருமனுக்குக் குந்தியிருக்கும். லயத்தைக் கட்டியவன் தேயிலை நட முடியாத இடமாகப் பார்த்துத்தான் எங்களை நட்டிருக்கிறான்.

மலையிலிருந்து முதலில் ஓடியவள் காளியாயி. என் பக்கத்துக் காம்பராக்காரி. ஆம்பிளைகள் நாங்கள் என்ன ஏது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோதே அவள் கூடையைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்கிவிட்டாள். காரணம் இருந்தது. அவள் புருஷன் சிவசாமி அதற்கு முந்தின வருடம் மரத்தில் கிளை வெட்டும்போது விழுந்து இடுப்பு ஒடிந்தவன். கையை ஊன்றி இழுத்து இழுத்துத்தான் நகருவான். பகலில் லயத்தில் தனியாகக் கிடப்பது அவன் ஒருவன்தான்.

நான் போய்ச் சேர்ந்தபோது காளியாயி கதவை உதைத்துக்கொண்டிருந்தாள். நிலை சாய்ந்து கதவு இறுகியிருந்தது. நானும் தோள் கொடுத்துத் தள்ளினேன். உள்ளே சிவசாமி கதவுக்குப் பாதி தூரம் வந்து, அதற்கு மேல் முடியாமல் கிடந்தான். தலையெல்லாம் சுவர் மண்.

"ஏண்டி, அரைப்பேராப் போயிருமே, பாதிச் சம்பளந்தானே குடுப்பாங்க, எதுக்கு ஓடி வந்த?" என்றான்.

"வாய மூடு. வாயில மண்ணு இருக்கு" என்று சொல்லி, அவன் முகத்தை முந்தானையால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பின்சுவரில் முதல் காம்பராவிலிருந்து கடைசிக் காம்பரா வரை ஒரே வெடிப்பு. விரல் உள்ளே போகும். மேலே ஏறிப் பார்த்தால் பாறைக்கும் தேயிலைக்கும் நடுவே தரை பிளந்திருந்தது. அதில் கையையே விடலாம். இனி ஒரு முறை ஆடினால் நாங்கள் எல்லோரும் ஓடித் தப்பித்துவிடுவோம். சிவசாமி ஓட மாட்டான். காளியாயிக்கு அன்றிலிருந்து வேறு நினைப்பே கிடையாது. லயத்தை அந்த இடத்திலிருந்து மாற்ற வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

எங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவர் ஆண்டியப்பனைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். ஆண்டியப்பன் நல்ல மனுசன், ஆனால் துரைக்கு முன்னால் போனால் தொண்டை கட்டிக்கொள்ளும். துரை முதலில் லாரி போன அதிர்ச்சி என்றார். பிறகு, மின்சார வேலைக்கு எங்கேயோ மலை குடைந்து வெடி வைக்கிறார்கள், அது என்றார்.

"லாரி ரோட்டுல போகுமா, மலைக்கு உள்ளாரயா போகும் துரை?" என்று காளியாயி கேட்டாள்.

ஆண்டியப்பனுக்கு வேர்த்துவிட்டது. துரை கதவைக் காட்டினார்.

அதற்குப் பிறகு அவள் ஆண்டியப்பனை விட்டு வைக்கவில்லை. காலையில் பெரட்டில் கேட்பாள், சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கேட்பாள், ஞாயிற்றுக்கிழமை அவர் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதும் போய்க் கேட்டாள். தொல்லை தாங்காமல் அவர் அட்டன் டவுனுக்குப் போய்ச் சங்க ஆபீசில் சொன்னார். சங்கம் கொழும்புக்கு எழுதியது. கல்லும் மண்ணும் பார்க்கிற அரசாங்க ஐயா ஒருவர் வந்து பார்ப்பார், அவர் ஆபத்து என்றால் லயத்தை மாற்றுவது, இல்லை என்றால் இல்லை என்று பேச்சு முடிந்தது. துரையும் வேறு வழியில்லாமல் தலையாட்டினார்.

இந்த இடத்தில் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். டாக்டரோ, கொழும்புக் கம்பெனி ஆளோ, யார் லயத்தைப் பார்க்க வந்தாலும் முதல் நாளே லயம் முழுக்க மண் பூசி வெள்ளையடிப்போம். அடிச்சுவரில் காவிப் பட்டை போடுவோம். கான் கழுவுவோம். மற்ற நாளில் ஒரு கை சுண்ணாம்பு கேட்டால் மூக்கால் அழுகிற தோட்டம், அன்றைக்கு மட்டும் பீப்பாயோடு கொண்டு வந்து இறக்கும். வருகிறவன் எங்களைப் பார்த்து முகத்தைச் சுளித்துவிடக் கூடாது. அது எங்கள் ரோஷம். யாரும் அடித்துச் செய்யச் சொன்னதில்லை.

"நாளைக்கி லயத்தப் பாக்கக் கொழும்புலேருந்து ஐயா வாராரு" என்று பெரட்டில் வேலை மேற்பார்க்கிற கண்டாக்கையா சொன்னார். அவர் சொன்னது அவ்வளவுதான். சுண்ணாம்புப் பீப்பாய் வந்துவிட்டது. அரை நாள் லீவும் கிடைத்தது. கேட்க வேண்டுமா? பெண்கள் மண்ணும் சாணமும் மிதித்துக் குழைத்தார்கள். வெடிப்பைக் கட்டை விரலால் அமுக்கி அமுக்கி அடைத்தார்கள். மேலே பாறை ஓரத்துக்குப் போன இரண்டு பேர், பிளந்திருந்த தரையில் மண்ணைக் கொட்டி மிதித்து, வரிசையாக நாலு தேயிலைக் கன்றும் வைத்துவிட்டு வந்தார்கள். மலையில் பள்ளத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது எங்களுக்கு.

காளியாயி அன்று லயத்தில் இல்லை. சிவசாமியை நாற்காலியில் வைத்துத் தூக்கி, லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தாள். பொழுது சாய்கிற நேரம் திரும்பி வந்தாள். என் பெண்சாதி ராசம்மா, கையெல்லாம் சுண்ணாம்போடு, வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஒன் காம்பராவுக்கும் சேத்து நானே அடிச்சிட்டேன் காளியாயி. கல்யாண வூடு மாதிரி இருக்குல்ல?"

காளியாயி உள்ளே போனாள். சுவர் ஈரமாக, வெள்ளைவெளேரென்று இருந்தது. பின்சுவரைக் கையால் தடவிப் பார்த்தாள்.

"வெடிப்பு எங்கடி?"

"அதான் பூசிட்டேனே" என்றாள் ராசம்மா. சொல்லி முடிப்பதற்குள் அவள் முகம் மாறிவிட்டது. இஸ்தோப்புத் திண்ணையில் நின்ற எல்லோர் முகமும் ஒவ்வொன்றாக மாறியது.

"நாளைக்கி அந்த ஐயாவுக்கு எதக் காட்டப் போறீங்க? காவிப் பட்டயவா?"

துரை சதி செய்திருந்தால் வயிறு நிறையத் திட்டியிருப்போம். இது நாங்களே ஆசை ஆசையாகச் செய்தது. எங்கள் வாய்க்குள் நாங்களே போட்டுக்கொண்ட மண். எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல், காலியான சுண்ணாம்புப் பீப்பாயை எட்டி உதைத்தேன். கால் வலித்ததுதான் மிச்சம்.

மறுநாள் வந்த ஐயாவின் பெயர் திருச்செல்வம். யாழ்ப்பாணத்துக்காரர். பெரிய ஆளாக வருவார் என்று நினைத்திருந்தோம். வந்தவர் ஒல்லியாக, மூக்குக் கண்ணாடியோடு, கையில் ஒரு சுத்தியலோடு இருந்தார். துரையும் கண்டாக்கையாவும் இரண்டு பக்கமும் நடந்தார்கள். லயத்து வாசலில் நின்று மேலே பாறையைப் பார்த்தார், கீழே பள்ளத்தாக்கைப் பார்த்தார், பிறகு காளியாயி காம்பராவுக்குள் எட்டிப் பின்சுவரைப் பார்த்தார்.

"வெடிப்பு எண்டு எழுதியிருந்தியள். எங்கை?"

நாங்கள் தரையைப் பார்த்தோம். துரையின் மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பு வந்தது. "நான் சொல்லிச்சு. ஒண்ணும் இல்லே" என்றார் தன் உடைந்த தமிழில்.

காளியாயி உள்ளே போனாள். புல் வெட்டுகிற சுரண்டியை எடுத்தாள். பின்சுவரில் ஓங்கிக் கொத்தினாள். காயாத பூச்சு பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. மறுபடி கொத்தினாள்.

"ஏய்! தோட்டம் சுவர் உடைக்குது!" என்று துரை கத்தினார். "பத்துச் சீட்டு குடுக்கும்!"

பத்துச் சீட்டு என்றால் வேலையும் போய், காம்பராவும் போய், சட்டி பானையோடு ரோட்டில் நிற்பது. அந்த வார்த்தைக்குப் பயப்படாத ஆள் எந்தத் தோட்டத்திலும் கிடையாது. காளியாயி நிறுத்தவில்லை.

"குடுங்க துரை. சொவரு எம் புருஷன் மேல விழுந்த பொறவு குடுக்கறத இப்பவே குடுங்க."

ராசம்மா என் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கினாள். "நான் பூசினத நான்தான் பேக்கணும்" என்று சொல்லிவிட்டு எங்கள் காம்பராவுக்குள் போனாள். அப்புறம் ஒவ்வொரு காம்பராவிலும் டம் டம் என்று சத்தம். நேற்று பார்த்துப் பார்த்துப் பூசிய கைகளே இன்று பெயர்த்தன. வெள்ளைத் தூசி பறந்து துரையின் காற்சட்டையெல்லாம் மாவாகிவிட்டது. ஆண்டியப்பன்கூட, தொண்டை கட்டிய ஆண்டியப்பன்கூட, ஓர் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு போனதை நான் பார்த்தேன்.

திருச்செல்வம் ஐயா காம்பரா காம்பராவாகப் போய் அளந்தார். மேலே ஏறி, எங்கள் ஆட்கள் வைத்த கன்றுகளை அவர்கள் கையாலேயே பிடுங்க வைத்துப் பார்த்தார். எங்களிடம் கேள்வி கேட்டார். நிலம் எந்தப் பக்கமாக ஆடியது என்றார். ஒருத்தி கிழக்கு என்றாள், இன்னொருத்தி மேற்கு என்றாள், நான் மேலும் கீழும் என்றேன். எவ்வளவு நேரம் என்றார். ஒரு நொடி என்றார்கள், ஒரு நாழி என்றார்கள். சிவசாமியிடம் போய்க் குந்தி உட்கார்ந்து, "நீர் உள்ளைதானே கிடந்தனீர். உமக்கு என்ன தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

"பயந்தான் தெரிஞ்சிச்சுங்க. வேற ஒண்ணும் எனக்குத் தெரியல" என்றான் சிவசாமி.

ஐயா அதையும் எழுதிக்கொண்டார். பிறகு இஸ்தோப்பில் உட்கார்ந்து ராசம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சொன்னதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

"நான் உங்களுக்குப் பொய் சொல்ல ஏலாது. இந்தப் பள்ளத்தாக்கு கோடு கிழிச்ச மாதிரி நேராய்ப் போகுது. ஒரு காலத்திலை பூமி பிளந்த இடமாய் இருக்கலாம். அப்பிடியெண்டால் திரும்பவும் ஆடும். வெறும் ஆறு அறுத்த பள்ளமாயும் இருக்கலாம். எதெண்டு சொல்லுறதுக்கு முந்தி ஆடின கணக்கு வேணும். அது எங்களிட்டை இல்லை. இருக்கிறதெல்லாம் பழைய வெள்ளைக்காரர் எழுதி வைச்சது. எந்தப் பங்களாவிலை எத்தினை கோப்பை உருண்டு உடைஞ்சது, எந்தப் படம் சுவரிலையிருந்து விழுந்தது, அவ்வளவுதான். லயத்திலை என்ன நடந்தது எண்டு ஒருத்தரும் எழுதேல்லை."

"இந்த வெடிப்பு?" என்று ஆண்டியப்பன் கேட்டார்.

"ஓரமெல்லாம் மண் அடைச்சுக் குலைஞ்சு போச்சுது. எது பழசு, எது புதுசு எண்டு பிரிக்க முடியேல்லை."

ராசம்மா முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

துரை எழுந்து நின்றார். "சரி. நிச்சயம் இல்லே. நிச்சயம் இல்லேன்னா ஆபத்து இல்லே. எல்லாரும் வேலைக்கு போ."

"ஆபத்து இல்லை எண்டு நான் சொல்லேல்லை" என்றார் ஐயா.

"ஆபத்துன்னும் நீங்க சொல்லலே."

ஐயா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். காளியாயிதான் முன்னால் வந்தாள். சுரண்டி இன்னும் கையில் இருந்தது.

"ஐயா, ஒங்களுக்குத் தெரியாது. சரி. தொரைக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. மூணு பேருக்குந் தெரியாதப்ப, எம் புருஷன் மட்டும் எதுக்குங்க அதுக்கு அடியில படுத்துக் கெடக்கணும்?"

ஐயா அவளைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார். நிலம் ஆடுவதை அளக்கிற கருவி ஒன்றை அனுப்பச் சொல்லி எழுதுவதாகவும், அதை இந்த லயத்திலேயே வைத்துச் சில மாதம் பார்த்தால் ஏதாவது தெரியலாம் என்றும் சொன்னார். அதுவரைக்கும் நாங்கள் இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டும் என்று துரை சொன்னார்.

இருந்தோம். மழைக்காலமும் வந்தது. தகரத்தில் மழை அடிக்கும்போதெல்லாம் மேலே பாறை முனகுவது போல எங்களுக்குத் தோன்றும். காளியாயி ஒரு வேலை செய்தாள். கொழுந்துச் சாக்கைப் பிரித்துத் தைத்து, அதில் சிவசாமியைப் படுக்க வைத்து, வாசல் வரைக்கும் இழுத்துப் பழகினாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதுதான் வேலை. வாசற்படியில் அவன் இடுப்பு இடிக்கும், பல்லைக் கடித்துக்கொள்வான்.

"எங்கடி இழுக்குற, நிறுக்கவா? பழுத்த எலன்னு கழிச்சிருவாங்க என்னய" என்பான்.

"நீ முத்தின எல. ஒரு ரேட்டும் கெடைக்காது" என்பாள் இவள். நாங்கள் சிரிப்போம். ஆனால் அவள் எவ்வளவு வேகமாக இழுத்தாலும் போதாது என்று எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். இழுத்து முடித்ததும் வாசலில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, பாறையைப் பார்த்து வாய்க்குள் ஏதோ கெட்ட வார்த்தை சொல்வாள்.

மழை விட்ட பிறகு அந்தக் கருவிப் பெட்டி வந்தது. திருச்செல்வம் ஐயாவும் கூடவே வந்தார். லாரியிலிருந்து பெட்டியை இறக்க எங்களில் நாலு பேரைக் கூப்பிட்டார்கள், நானும் ஒருவன். கொழுந்து நிறுக்கிற நேரம். பெண்களெல்லாம் ஆபீசுக்கு முன்னால் கூடையோடு வரிசையில் நின்றார்கள். பெட்டி சரியான கனம். தோளில் ஏற்றி, லயத்துப் பக்கம் திரும்பினோம்.

"லயத்திலை கடைசிக் காம்பரா காலியாய்க் கிடக்குதாம். அங்கை கொண்டுபோங்கோ" என்றார் ஐயா.

துரை கையில் ஒரு காகிதத்தோடு நின்றார். பெட்டிக்கு ஏதாவது நேர்ந்தால் தோட்டம்தான் பொறுப்பு என்று அதில் எழுதியிருந்ததாம். படித்துவிட்டு எங்கள் முன்னால் வந்து கையை நீட்டி மறித்தார்.

"அங்கே வேணாம். பாறைக்கு கீழே வைக்க வேணாம். ஏதும் ஆனா யாரு பதில் சொல்றது? டென்னிஸ் ரூமுக்கு கொண்டுபோ."

துரை பங்களாவுக்குக் கீழே ஒரு டென்னிஸ் மைதானம் உண்டு. எங்கள் மலையில் மட்டமான நிலம் என்று இருந்தது அது ஒன்றுதான். இப்போதைய துரைக்கு ஆட்டம் வராது, புல் மண்டிக் கிடந்தது. ஓரத்தில் மட்டையும் வலையும் வைக்கக் கல்லால் கட்டிய ஓர் அறை. பாறை உருண்டாலும் அந்தப் பக்கம் வராது.

எனக்குத் தோளில் பெட்டி கனத்ததே மறந்துவிட்டது. நாங்கள் நாலு பேரும் அசையாமல் நின்றோம். கொழுந்து வரிசையில் எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது.

காளியாயி வரிசையிலிருந்து வந்தாள். "தொர, இப்ப என்னா சொன்னீங்க?"

துரை திரும்பச் சொல்லத் தேவை இல்லை, தோட்டமே கேட்டுவிட்டது.

"சரிங்க" என்றாள். நிறுக்காத கூடையை அங்கேயே வைத்துவிட்டு லயத்தைப் பார்க்க நடந்தாள். அவள் அவ்வளவு அடக்கமாகப் பேசியதில்தான் எனக்குப் பயமே வந்தது.

பெட்டியை டென்னிஸ் அறையில் இறக்கிவிட்டு நான் லயத்துக்கு ஓடினேன். அவள் கூரை மேல் இருந்தாள். கையில் சுத்தியல். ஆனால் ஆணியைப் பிடுங்காமல் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். எங்கள் லயத்துக் கூரையில் ஒரு காம்பராவின் தகரம் அடுத்த காம்பராவின் தகரத்தோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஒருத்தர் கழற்றினால் பக்கத்து வீட்டுக்குள் மழை கொட்டும். தனியாக ஒருத்தர் போக முடியாத மாதிரிதான் லயத்தைக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

"செல்லசாமி அண்ணே, ஒங்க தகரம் எந் தகரத்து மேல ஏறி இருக்கு. கழட்டவா?"

நான் பாறையைப் பார்த்தேன். பத்துச் சீட்டை நினைத்தேன். என் பிள்ளைகளை நினைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் வந்து நின்ற ராசம்மா சத்தம் போட்டாள்.

"கேக்குறா பாரு கேள்வி! புடுங்குடி ஆணிய!"

அடுத்த காம்பராக்காரனும் சரி என்றான். அதற்கு அடுத்தவன் கேட்காமலே ஏறிவிட்டான். இருட்டுவதற்குள் லயம் மொட்டையாகிவிட்டது. தகரத்தையும் மரத்தையும் தலையில் சுமந்துகொண்டு வரிசையாக டென்னிஸ் மைதானத்துக்குப் போனோம். சிவசாமியை நாற்காலியோடு தூக்கிப் போனது நானும் ஆண்டியப்பனும்.

"மாப்ள ஊர்வலம் மாதிரி இருக்கு. மேளந்தான் இல்ல" என்றான்.

"இறங்கினதும் மேளம் வரும். போலீஸ் மேளம்" என்றார் ஆண்டியப்பன். அவர் தொண்டை அன்றைக்கு நன்றாகத்தான் திறந்திருந்தது.

மறுநாள் காலையில் போலீஸ் வந்தது. சிங்கள இன்ஸ்பெக்டர், எங்கள் தமிழ் நன்றாகத் தெரிந்தவர். முன்பு வெள்ளைக் கோடு போட்டுப் பந்து ஆடிய இடமெல்லாம் அடுப்பு புகைவதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார். துரை அவரிடம் கத்தோ கத்து என்று கத்தினார். தோட்டத்துச் சொத்தை உடைத்தார்கள், பங்களா நிலத்தில் புகுந்தார்கள், எல்லாரையும் வெளியேற்றுங்கள் என்றார்.

"ஏன் இங்க வந்தீங்க?" என்று இன்ஸ்பெக்டர் எங்களைக் கேட்டார்.

காளியாயி கல் அறையைக் காட்டினாள். "அந்தப் பெட்டி இருக்கற எடத்துல நாங்களும் இருக்கோம் ஐயா. பெட்டிக்கு ஆகாத எடம் எங்களுக்கும் ஆகாது."

இன்ஸ்பெக்டருக்கு விளங்கவில்லை. திருச்செல்வம் ஐயா அறையிலிருந்து வெளியே வந்தார். லயம் ஆபத்தான இடமா என்று இன்ஸ்பெக்டர் அவரைக் கேட்டார்.

"எனக்குத் தெரியாது" என்றார் ஐயா.

துரை கையைத் தட்டினார். "கேட்டீங்களா?"

"பொறுங்கோ, நான் முடிக்கேல்லை. அந்தக் காம்பராவிலை கருவியை வைக்க நான் கேட்டன். ஏதும் நடந்தால் ஆர் பொறுப்பு எண்டு சொல்லித் துரை மறிச்சவர். இவ்வளவு சனமும் கேட்டதுதான். அதையும் எழுதிக்கொள்ளுங்கோ."

இன்ஸ்பெக்டர் துரையைத் திரும்பிப் பார்த்தார். அப்படிச் சொன்னீர்களா என்று கேட்டார். துரையின் முகம் மிளகாய்ப் பழமாகிவிட்டது. இது சங்கமும் கம்பெனியும் பேசித் தீர்க்க வேண்டிய காரியம் என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறினார். போகும்போது சிவசாமியைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

சும்மா விட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். எங்களுக்கு வேலையை நிறுத்தினார்கள். மற்ற லயத்து ஆட்களும் எங்களுக்காக வேலையை நிறுத்தினார்கள். பட்டினி கிடந்தோம், ஈரப்பலாக்காயை அவித்துத் தின்றோம். ஆனால் கூரையில்லாத லயத்துக்கு எங்களை யாரும் திருப்பி அனுப்ப முடியவில்லை. கடைசியில் கம்பெனி வேறு இடத்தில் லயம் கட்டச் சம்மதித்தது. பாறை விழுந்ததா என்று கேட்பீர்கள். விழவில்லை. இன்றைக்கும் அங்கேயேதான் குந்தியிருக்கிறது. அதைக் காட்டி எங்களைக் கேலி பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். பேசட்டும். விழும் என்று நாங்கள் ஒருநாளும் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாத ஒன்றுக்கு எங்கள் தலையை மட்டும் கொடுக்க மாட்டோம் என்று சொன்னோம்.

அந்த மைதானத்தில் நாங்கள் குடியேறிய முதல் வாரத்தில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். ஒரு காலையில் திருச்செல்வம் ஐயா பெட்டியைத் திறந்து உருளையில் சுற்றியிருந்த தாளை வெளியே எடுத்தார். தாள் நெடுக ஊசி கிழித்த கோடு. காளியாயியும் நானும் வாசலில் நின்று எட்டிப் பார்த்தோம். கோடு சில இடத்தில் நேராக ஓடியது. பல இடத்தில் முள்வேலி மாதிரி குத்தும் கிறுக்கலுமாக இருந்தது.

"நெலம் ஆடுதாங்க ஐயா?" என்று கேட்டாள் காளியாயி.

"நிலம் இல்லை. நீங்கள்தான்" என்றார் ஐயா. அவருக்குச் சிரிப்பதா சலித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. "விடிய நீங்கள் எழும்பினதிலையிருந்து எல்லாம் இதிலை விழுந்திருக்கு. பிள்ளையள் ஓடினது, விறகு கொத்தினது, எல்லாம்."

அவள் தாளின் மேல் குனிந்தாள். ஒரு மூலையில் சின்னச் சின்னக் கீறல்கள், விட்டு விட்டு, ஒரே வரிசையாக இருந்தன. அது என்ன என்று கேட்டாள்.

ஐயா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இது... உம்முடைய மனுசன் இந்தச் சுவரைப் பிடிச்சு நகர்ந்து போனதாய்த்தான் இருக்க வேணும்."

காளியாயி அந்தக் கீறல்களை விரலால் தொட்டுப் பார்த்தாள். எந்த நாட்டுக் கணக்கிலும் எங்கள் பெயரை எழுத இடமில்லை என்று அரசாங்கங்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

"ஊசிக்குக் கொஞ்சம் அமைதி வேணும் பாருங்கோ" என்றார் ஐயா. "நீங்கள் எல்லாரும் கொஞ்சம் தள்ளிப் போய் இருந்தால்..."

காளியாயி நிமிர்ந்தாள்.

"தள்ளிப் போக மாட்டோம் ஐயா. நாங்க இங்கதான் நடப்போம். அதையும் எழுதட்டும்."